இறங்காத விஷம்

அத்தியாயம் 6

விஷம் வைத்தவன் சேலம் ஜெயிலில் இருந்தான். விஷம் சாப்பிட்டவள் அரூரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். விஷம் மட்டும் இரண்டு மாதமாக அவள் ரத்தத்தை விட்டு நகராமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"என்ன சார் இது, வாடகைக்கு வந்தவன்கூட ரெண்டு மாசத்துல காலி பண்ணிடுவான்" என்றேன் நான்.

மாதவராஜ் சார் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரூர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்தால் அன்றைக்கு எனக்கு போனஸ் கிடைத்த மாதிரி. அந்த வருஷம் போனஸே வரவில்லை.

நாங்கள் நடத்துவது துப்பறியும் நிலையம் என்று போர்டில் போட்டிருக்கும். உண்மையில் பார்ப்பதெல்லாம் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு ஏற்கெனவே ஏதாவது உண்டா, குடும்பத்தில் மறைத்த வியாதி இருக்கிறதா. தர்மபுரி ஜில்லாவில் பாதிக் கல்யாணத்தை சார்தான் பாஸ் செய்திருக்கிறார். ஆனால் அவர் வீட்டுக் கதவை அவரேதான் பூட்ட வேண்டும், அவரேதான் திறக்க வேண்டும். மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. மெஸ்ஸில் இரண்டு சாப்பாடு வாங்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அந்த இரண்டாவது சாப்பாட்டைத் தின்று தின்றுதான் இந்த மோனிஷா, அதாவது நான், இப்படிக் குண்டாகிவிட்டேன்.

முந்தாநாள் எங்கள் ஆபீஸுக்கு பாரதி தனியாக வந்தாள். அண்ணனுக்குத் தெரியாமல் வந்ததாகச் சொன்னாள். அவள் அரூரில் தெலுங்கு பேசும் ஒரு வியாபாரக் குடும்பத்துப் பெண். தலைமுறை தலைமுறையாக மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்கிற வீடு அது. அதை உடைத்துக்கொண்டு போய் கடத்தூரில் உரக்கடை வைத்திருந்த ரஞ்சித்குமாரைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். மூன்று வருஷம் நன்றாகத்தான் போயிருக்கிறது. இந்த சித்திரைக் கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். ஒரே வாந்தி. ஆஸ்பத்திரியில், புருஷன் பூச்சிமருந்து விற்பவன் என்று தெரிந்ததும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள்.

நம் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்று ஒன்று இருக்கிறதாம். என் நாக்கு சுளுக்கிக்கொள்வதால் நான் அதை கோலி என்றே சொல்வேன். பூச்சிமருந்து உள்ளே போனால் கோலி குறைந்துவிடும். மருந்து வெளியேறினால் சில வாரத்தில் பழையபடி ஏறிவிடும். பாரதிக்கு அது இல்லவே இல்லை என்கிற அளவில் இருந்தது. அண்ணன் வீரமணி போலீஸில் புகார் கொடுத்தார். ரஞ்சித்குமாரைக் கடையிலிருந்து கூட்டிப் போனார்கள்.

"சார், கேஸு என்ன ஆவுதோ ஆவட்டும்" என்றாள் பாரதி அன்றைக்கு. "அவரு எனக்கு விஷம் வெச்சாரா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரியணுங்க. வெக்கலைன்னா அவரு அங்க தனியா கெடக்கறாரு. வெச்சாருன்னா நான் மூணு வருசம் யாரு பக்கத்துல படுத்துக் கெடந்தேன்?"

சொல்லிவிட்டு அவள் வெகுநேரம் எழுந்து போகவில்லை. போவதற்கு ஒரு வீடு இருந்தும் போகப் பிடிக்காதவர்களை எனக்குப் பார்த்ததும் தெரியும். நானும் லேடீஸ் ஹாஸ்டலில் இருப்பவள்தான்.

ஜெயிலில் ரஞ்சித்குமாரைப் பார்த்தோம். எங்களுக்கு முன்னால் அவனைப் பார்க்க ஒருவரும் வந்திருக்கவில்லை. "வயித்து வலி எப்படி இருக்குதுங்க அவளுக்கு?" என்று கேட்டான். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நடிக்கிறானோ?" என்றேன் வெளியே வந்ததும்.

"நடிக்கிறவன் முதல்ல நான் குற்றவாளி இல்லைன்னுதான் ஆரம்பிப்பான்" என்றார் சார்.

இவ்வளவும் நேற்று வரைக்குமான கதை. இன்று காலையில் பாரதி அனுப்பிய புது ரிசல்ட் வந்தது. போன வாரம் எடுத்த ரத்தம். புருஷனை விட்டு வந்து இரண்டு மாதம் ஆகியும் கோலி ஒரு துளிகூட ஏறவில்லை.

"ரெண்டே வழிதான் மோனிஷா" என்றார் சார், அரூர் எல்லை வந்ததும். "ஒண்ணு, அண்ணன் வீட்டுலயும் யாரோ அவளுக்கு விஷம் குடுத்துட்டே இருக்காங்க."

"இன்னொண்ணு?"

"யாருமே குடுக்கலை."

"முதல் வழியையே வெச்சுக்கலாம் சார். அதுலதான் சம்பளம் வரும்."

வீரமணியின் ஜவுளிக்கடையில் அப்போதுதான் ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். வீரமணி வேட்டிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. தங்கை எங்களிடம் வந்ததை எப்படியோ தெரிந்துகொண்டிருந்தார்.

"பாரதி இங்க இல்லீங்க. காலையிலயே மறுபடி வயித்து வலின்னு தர்மபுரி ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. பித்தப்பையில கல்லாம், மத்தியானம் ஆபரேசன். என் சம்சாரம் கூட இருக்குது. நானும் கெளம்பணும்."

"அங்க இந்த விஷ விவகாரத்தைச் சொன்னீங்களா?" என்றார் சார்.

"எதுக்குங்க சொல்லணும்? போலீஸ் கேஸுன்னு சொன்னா எவன் கை வெப்பான்? முன்ன பின்ன ஒரு சீக்கும் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"ரெண்டு மாசமா அவங்களுக்கு உங்க வீட்டுச் சாப்பாடுதானே?"

வீரமணிக்குக் கேள்வியின் வால் எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. கையிலிருந்த வேட்டியைப் பொத்தென்று போட்டார். "ஏனுங்க, நானே என் தங்கச்சிக்கு விஷம் வெக்கறன்னு சொல்ல வரீங்களா? இத பாருங்க!" என்று செல்போனைத் தூக்கி சார் மூக்குக்கு நேரே நீட்டினார். "லேப்புக்காரன் தப்பு கிப்பு பண்ணிட்டானோன்னு அவகூடவே நானும் ரத்தம் குடுத்தேன். எனக்கும் அதே கொறச்சல்! பொங்கலுக்கு அவன் வூட்டுல சாப்புட்டேன். பாவி, எனக்கும் சேத்து வெச்சிருக்கான்!"

"பொங்கலுக்கு வெச்ச விஷம் ஆடி வரைக்கும் தாங்குதுங்களா?" என்றேன். "எங்க ஹாஸ்டல் மிக்ஸிகூட அத்தனை நாள் ஓடலைங்களே."

சார் என்னை அடக்கவில்லை. அவர் அந்த ரிசல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீரமணி, கடத்தூர்ல போன வருஷம் உரக்கடைக்காரங்களுக்கும் மருந்தடிக்கிற ஆளுங்களுக்கும் இதே ரத்தப் பரிசோதனை முகாம் நடந்துச்சு, விசாரிச்சேன். ரஞ்சித்குமாரும் ரத்தம் குடுத்திருக்கார். அவருக்குக் கொஞ்சம்தான் கம்மி. நாள் பூரா பூச்சிமருந்து டப்பா நடுவுல உக்காந்திருக்கறவர் அவர். நீங்க வேட்டி துண்டு விக்கறவர். நியாயமாப் பாத்தா யார் ரத்தம் கெட்டிருக்கணும்?"

வீரமணி செல்போனைத் தன் பக்கம் திருப்பி அந்த ரிசல்ட்டை மறுபடி பார்த்தார்.

அடுத்து சார் தன் தொழில் கேள்வியைக் கேட்டார். எல்லாக் கல்யாண விசாரணையிலும் கடைசியாகக் கேட்கும் கேள்விதான் அது. "உங்க சொந்தத்துல வேற யாருக்காவது உடம்புல ஏதாவது ஏடாகூடம் உண்டா?"

"எங்க வம்சத்துல அதெல்லாம் கெடையாதுங்க!"

"இருபது வருஷமா இந்தப் பதிலைக் கேட்டுட்டு இருக்கேன். இவ்வளவு வேகமா வந்தா ஒருத்தராவது இருக்காங்கன்னு அர்த்தம்."

வீரமணி கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெத்தம்மா ஒருத்தங்க இருக்காங்க. எங்கம்மாவுக்கு அக்கா. பாப்பிரெட்டிப்பட்டியில தனியா இருக்காங்க. சின்ன வயசுல என்னமோ ஆபரேசன் பண்ணாங்க, அதுலருந்து மூளை கொஞ்சம் சரியில்லை. புருசன வுட்டுட்டு வந்துட்டாங்க. நாங்க வெளிய பேசறதில்லீங்க. அந்தப் பேச்சு பரவித்தான் எங்கம்மாவுக்குத் தூரத்துச் சொந்தத்துலகூட ஒரு மாப்பிள்ளையும் அமையலை. கடைசியில எங்கம்மாவோட சொந்தத் தாய்மாமனே கட்டிக்கிட்டாரு. அவருதான் எங்கப்பா."

"ஆக, ஊருக்கு மறைச்சதையெல்லாம் வீட்டுக்குள்ளயே சேத்து வெச்சுட்டீங்க" என்றேன். இது வேடிக்கையாகத்தான் வாயில் வந்தது. சார் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். அவர் காரை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

வழியில் சேலத்துக்கு போன் போட்டார். அங்கே டாக்டர் சுகுணா மயக்க மருந்து நிபுணர். அவர் மகளுக்கு வந்த ஒரு மோசமான வரனை நாங்கள்தான் தடுத்து நிறுத்தினோம். அந்த நன்றியில் எப்போது கூப்பிட்டாலும் பேசுவார். இன்று எடுக்கவில்லை.

கோவிந்தம்மாளின் வீடு பாப்பிரெட்டிப்பட்டியில் தெருவின் கடைசி. அதற்கப்பால் வயலும், வயலுக்கப்பால் சித்தேரி மலையும்தான். கதவைத் தட்டினதும், "கரண்ட் பில்லா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அறுபது தாண்டிய, நிமிர்ந்த உடம்பு. நாங்கள் அவரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்பதை அவர் நம்புவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சவுண்டு வேலை செய்யலைங்களா?" என்றேன்.

"செய்யும் கண்ணு. மனுச மூஞ்சி தெரிஞ்சா போதும். சத்தம் வேணாம்."

சார் சுற்றி வளைக்கவில்லை. "அந்த ஆபரேஷன்ல என்னங்கம்மா நடந்துச்சு?" என்று கேட்டார். கோவிந்தம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் கேட்காமல் விட்ட கேள்வி அது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"குடல்வால் ஆபரேசனுங்க. சேலத்துல ஒரு நர்சிங் ஹோமு. ஊசி போட்டாங்க, தூங்கிட்டேன். முழிப்பு வந்துச்சு. ஆனா கண்ணத் தொறக்க முடியலை. வெரல அசைக்க முடியலை. மூச்சே வுட முடியலைங்க. ஒரு நர்ஸம்மா என் மூஞ்சிமேல என்னமோ வெச்சு, ஒரு பைய அமுக்கி அமுக்கிக் காத்து வுடறாங்க. எல்லாம் காதுல வுழுது. என் தங்கச்சி அழுவறா. தட்டு கீழ வுழுவுது. இது பொழைக்காதுங்கறாங்க. நான் இருக்கறன், இருக்கறன்னு உள்ளுக்குள்ள கத்தறேன். ஒருத்தருக்கும் கேக்கலை."

"அப்புறம்?"

"பொழுது சாஞ்சப்பறம் தானா மூச்சு வந்துச்சு. நான் கேட்டதயெல்லாம் சொன்னேன். மயக்க மருந்துல கண்ட கனவுன்னுட்டாங்க. இல்லைன்னு சொல்லச் சொல்ல பைத்தியம்னுட்டாங்க. அதுக்கப்பறம் நான் பேசறதயே வுட்டுட்டேன்."

"உங்க வீட்டுக்காரர் அப்ப அங்க இருந்தாரா?"

"இருந்தாரு" என்றார் கோவிந்தம்மாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. ஒரு மனுஷி உயிரோடு படுத்துக்கொண்டு, தான் செத்துப்போனதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதைச் சொன்னதற்குக் கூலியாக அவருக்குக் கிடைத்தது இந்தத் தெருக்கடைசி வீடு.

அப்போது டாக்டர் சுகுணா கூப்பிட்டார். சார் ஸ்பீக்கரில் போட்டு, அண்ணன் தங்கை ரத்தத்தையும், பாரதியின் பித்தப்பைக் கல்லையும், கோவிந்தம்மாள் கதையையும் சுருக்கமாகச் சொன்னார்.

"அட, அந்தம்மா சொன்னது கனவே இல்லை சார்" என்றார் டாக்டர். "ஆபரேஷன்ல தொண்டைக்குள்ள குழாய் விடறதுக்காக உடம்பு தசையெல்லாம் தளர்த்த ஒரு ஊசி போடுவோம். அது சில நிமிஷத்துல உடைஞ்சு போயிடும். அதை உடைக்கறது கோலினெஸ்டரேஸ்தான். சில பேருக்குப் பிறவியிலயே அது கிடையாது. அவங்களுக்கு ஊசியோட வேகம் மணிக்கணக்கா நிக்கும். அதுக்குள்ள மயக்கம் தெளிஞ்சுடும். எல்லாம் கேக்கும், ஒண்ணும் அசையாது."

"அது இல்லைன்னா சாதாரணமா வாழ முடியுமா?"

"தாராளமா. அந்த ஊசி போடற வரைக்கும் தெரியவே தெரியாது. மத்த நாட்டுல ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தருக்கு இருந்தா அதிகம். நம்ம தென்னாட்டுல, சொந்தத்துலயே கட்டிக்கிட்டு வர்ற சில வம்சத்துல நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு இருக்கும். மருந்து எல்லாருக்கும் ஒண்ணுதான், அதை வாங்கிக்கற உடம்புதான் வேற வேற. பூச்சிமருந்துல குறைஞ்சாலும், பிறவியில குறைஞ்சாலும் ரிசல்ட்டு ஒரே மாதிரி வரும். மருந்தடிக்கிறவனுக்கு அது இறங்கும், ஏறும். இவங்களுக்கு ஏறவே ஏறாது."

"அப்போ அந்த வாந்தி?"

"பித்தப்பையில கல்லுன்னு சொன்னீங்களே, அதுவே போதுமே. பூச்சிமருந்துன்னா கண்ணு பாவை சுருங்கியிருக்கும், வாயில எச்சில் வழிஞ்சிருக்கும். அதெல்லாம் இருந்துச்சா?"

"இல்லை. கொஞ்சமா வெச்சிருப்பான்னு சொல்லிட்டாங்க."

ரஞ்சித்குமார் தப்பித்தான் என்று நான் கை தட்டப் போனேன். சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"டாக்டர், பித்தப்பை ஆபரேஷனுக்கு அந்த ஊசி போடுவாங்களா?"

"போடறவங்க இருக்காங்க. தெரிஞ்சா வேற மருந்து போடலாம். ஏன் சார்?"

முன்ன பின்ன ஒரு சீக்கும் இல்லைன்னு சொல்லிட்டேன். வீரமணியின் குரல் எனக்கு மறுபடி கேட்டது. பாரதியைக் கொல்ல யாரும் முயற்சி செய்யவில்லை. இன்று மத்தியானம்தான், ஒருவருக்கும் தெரியாமல், எல்லாரும் சேர்ந்து செய்யப் போகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் போன் போட்டேன். "டாக்டர் தியேட்டர்ல இருக்காருங்க, மூணு மணிக்கு மேல கூப்புடுங்க" என்று ஒரு பெண் வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன். "அதான் சொன்னனே மேடம்." பாரதியின் போன் அணைந்திருந்தது. வீரமணியோ, சார் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை, நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

சார் கோவிந்தம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க கூப்பிட்டா எடுப்பாரா?"

"தீபாவளிக்கு அவனே கூப்புடுவான். சாப்புட்டியான்னு கேட்டுட்டு வெச்சுடுவான். நானா கூப்புட்டதில்லீங்க." கையில் பட்டன் போனை எடுத்துவிட்டார், ஆனால் எண்ணை அழுத்தவில்லை. "நான் சொன்னா நம்புவானுங்களா? பைத்தியம் பேசுதும்பான்."

"நம்பறதுக்கு ஒரு விஷயம் அவர் கையிலயே இருக்கு. அவர் ரத்தம்."

சார் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"பெத்தம்மா? என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா? நான் ஆஸ்பத்திரில இருக்கறேன், அப்பறம்..."

"வெச்சுடாத வீரமணி. பாரதிய உள்ள அனுப்பிட்டியா?"

"இப்பதான் கூட்டிட்டுப் போறாங்க. ஏன்?"

"நிறுத்துடா. எனக்குப் போட்ட அதே ஊசிய அவளுக்கும் போடுவாங்க."

"ஐயோ பெத்தம்மா, மறுபடியும் அந்தக் கனவா..."

"கனவு இல்லடா! சேலத்து டாக்டரம்மாவே சொல்றாங்க. எனக்கு ரத்தத்துல இல்லாதது அவளுக்கும் இல்லை. உனக்கும் இல்லை, நீயே பாத்தியாமே. நாளைக்கு உன்னப் படுக்க வெச்சாலும் இதுதான். கண்ணு தொறக்காது, மூச்சு வராது, எல்லாம் கேக்கும். நான் ஒருத்தி பட்டது போதும். போயிக் கதவத் தட்டு. ஒதைச்சுத் தொற!"

மறுமுனையில் செருப்புச் சத்தம் ஓடியது. கதவு இடிபட்டது. யாரோ அதட்டினார்கள். வீரமணி தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினார். கோவிந்தம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

"யாருங்க பேசறது?" என்று புதுக் குரல் ஒன்று கேட்டது. அங்கிருந்த மயக்க மருந்து டாக்டர். சார் போனை வாங்கி, டாக்டர் சுகுணாவை இன்னொரு போனில் பிடித்து, இரண்டையும் முகத்தோடு முகம் வைத்துப் பேச விட்டார். எனக்குப் புரியாத பாஷையில் இரண்டு டாக்டர்களும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அந்தப் புதுக் குரல் சொன்னது மட்டும் புரிந்தது.

"சிரிஞ்சில ஏத்திக் கையில வெச்சிருந்தேங்க. வீட்டுல ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? இன்னிக்கு வேண்டாம். வேற மருந்து வெச்சு நிதானமாப் பண்ணிக்கலாம். பேஷன்ட் முழிச்சுட்டுத்தான் இருக்காங்க. பேசறீங்களா?"

பாரதியின் குரல் மெல்ல வந்தது. "சார்?"

"அவர் வெக்கலைம்மா" என்றார் சார். "யாருமே வெக்கலை."

அவள் அழுதாள். அதற்கு நடுவே, "சேலத்துக்கு பஸ்ஸு எத்தினி மணிக்குங்க?" என்று கேட்டாள். "முதல்ல ஆஸ்பத்திரி டிரஸ்ஸ மாத்துங்க, அப்புறம் ஜெயிலுக்குப் போவலாம்" என்றேன் நான். சார் சிரித்தார். அந்த வருஷத்துப் போனஸ்.

ரஞ்சித்குமாரின் வக்கீலுக்குச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் கிளம்பினோம். கோவிந்தம்மாள் வாசல் வரை வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அப்போ நான் கேட்டது எதுவுமே கனவு இல்லீங்களா?"

பொய் சொல்லிவிடலாமா என்று சார் யோசித்ததை நான் பார்த்தேன். ஆனால் அந்த உண்மையை வைத்துத்தான் இப்போது ஒருத்தியைக் காப்பாற்றியிருக்கிறோம்.

"இல்லைங்கம்மா. எல்லாம் நிஜம்தான்."

"அந்த நர்ஸம்மா கை வலிக்குதுன்னாங்க" என்றார் கோவிந்தம்மாள். "என் வூட்டுக்காரரு, 'போதும் வுட்டுடுங்கம்மா, எத்தன நேரம் அமுக்குவீங்க, போறவ போவட்டும்'னாரு. அந்தப் புண்ணியவதி வுடலை. பொழச்சப்பறம் நான் அவருகூடப் போவலை. வருசா வருசம் வருவாரு. நான் என்ன பண்ணன்னு இதே வாசல்ல நின்னு கேப்பாரு. நான் சொன்னதே இல்லீங்க. ஒருவேள கனவா இருந்து, பண்ணாத பாவத்த அந்த மனுசன்மேல போட்டுட்டா? கனவாவே இருந்துட்டா தேவலையேன்னுகூட நெனச்சிருக்கறேன். போன வருசம் அவரு போயிட்டாரு. நான் போயிப் பாக்கலை. ஒரு கனவுக்காக ஒரு மனுசனத் தனியா சாவ வுட்டுட்டனேன்னு அன்னியிலிருந்து அழுதுட்டுக் கெடக்கறேன்."

நான் இறங்கிய படியில் மறுபடி ஏறினேன்.

"இனிமே அழ வேண்டியதில்லை பாருங்க" என்றார் கோவிந்தம்மாள். சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.